வீடு மாறுமுன்: பினாங்கா, கெடாவா?

பினாங்கின் செபராங் ஜெயா வாடகை கட்டுப்படியாகவில்லை என்று கெடாவின் சுங்கை பட்டாணிக்குக் குடிபோக நினைக்கிறீர்களா? வாடகையை மட்டும் பார்த்து முன்பணம் கட்டிவிடாதீர்கள். பட்டர்வொர்த் வரை கொம்யூட்டர் ரயில் உண்டு. காரில் வந்தால் நெடுஞ்சாலை டோல், பெட்ரோல் எல்லாம் கணக்கில் ஏறும். தீவில் வேலையென்றால் பினாங்குப் பாலத்தில் காருக்கு 5.74 ரிங்கிட், போகும்போது மட்டும். 22 நாளுக்கு 126 ரிங்கிட் ஆகிவிடும். மோட்டார் சைக்கிளுக்கு 2019 முதல் டோல் கிடையாது.

பலர் மறப்பது வார விடுமுறையைத்தான். கெடாவில் வெள்ளி, சனி. பினாங்கில் சனி, ஞாயிறு. பிள்ளை கெடா பள்ளியில், பெற்றோர் பினாங்குத் தொழிற்சாலையில் என்றால் சேர்ந்திருக்கச் சனிக்கிழமை மட்டுமே, அதுவும் ஓவர்டைம் இல்லாவிட்டால். வெள்ளிக்கிழமை பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்று முதலில் பேசி முடியுங்கள். வாடகைப் பேரம் அப்புறம்.