நூற்றுக்கு மேல் புள்ளி வாங்கிய கெமராக்கள்

நுவரெலியாப் பக்கத்துக் கந்தப்பளை டவுனில் போன் கடைக்குள் நுழைகிற இளைஞர்கள் இப்போதெல்லாம் ஒரு பட்டியலை மனப்பாடம் செய்துகொண்டுதான் வருகிறார்கள். எந்தப் போனின் கெமரா உலகத்தில் முதலாவது, எது ஐந்தாவது, எது பட்டியலிலேயே இல்லை என்று யூடியூபில் பார்த்துவிட்டு வருகிறார்கள். பார்ப்பதில் குற்றமில்லை, கொடுக்கிற காசு சின்னது இல்லையே. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2024இல்தான் 1350 ரூபாவுக்கு வந்தது. மாதம் 25 நாளும் முழுதாகப் பேர் விழுந்தாலும் அந்தச் சம்பளத்தில் கணக்கு 33,750 ரூபாதான். ஓரளவு நல்ல கெமரா உள்ள போன் அந்த மாதத்தை அப்படியே விழுங்கிவிடும். 2022 பொருளாதார நெருக்கடியில் ரூபா விழுந்தபோது ஏறிய விலை ஒருபக்கம் இருக்க, 2024 ஜனவரியில் 18 சதவீத வற் வரியும் அதன்மேல் வந்து ஏறியது. இவ்வளவு காசைக் கொடுக்கிறவர் யார் சொல்வதை நம்புவது என்று கேட்பது நியாயமான கேள்வி. அந்தப் பட்டியல்களைச் சுற்றி நம்மிடையே நிலவும் நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

நம்பிக்கை: புள்ளி கூடினால் கெமரா நல்லது.

உலகம் அதிகம் மேற்கோள் காட்டும் கெமராப் புள்ளி டிஎக்ஸ்ஓமார்க் என்ற பிரெஞ்சு நிறுவனம் போடுவது. 2017இல் கூகுள் பிக்சல் 2க்கு 98 புள்ளி கொடுத்தார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு, இனி இரண்டே புள்ளிதான் மிச்சம் என்று பலர் நினைத்தார்கள். அடுத்த ஆண்டே ஹுவாவி பி20 புரோ 109 வாங்கியது. அந்த அளவுகோலுக்கு உச்சி என்று ஒன்று கிடையாது என்பது அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது.

அந்த இரண்டு எண்களையும் பிரித்துப் பாருங்கள், விஷயம் புரியும். பிக்சல் 2இன் 98 என்பது புகைப்படத்துக்கு 99, வீடியோவுக்கு 96 என்ற இரண்டும் கலந்து வந்தது. பி20 புரோவின் 109க்குள் புகைப்படத்துக்கு 114, வீடியோவுக்கு 98. மொத்தத்தில் 11 புள்ளி வித்தியாசம். வீடியோவை மட்டும் எடுத்தால் வெறும் 2. கோவில் திருவிழாவையும் கல்யாண வீட்டு ஆட்டத்தையும் வீடியோ பிடிக்கத்தான் போன் என்று இருக்கிறவருக்கு அந்த 11 புள்ளி ஒன்றுமே சொல்லவில்லை. தலைப்பில் பெரிதாக நிற்கும் எண்ணை மட்டும் பார்த்துக் காசு கட்டுகிறவர், தனக்குத் தேவையில்லாத ஒன்றுக்கும் சேர்த்தே காசு கட்டுகிறார்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2019இல் அகலக்கோணமும் இரவுப்படமும் அந்தக் கணக்கில் புதிதாகச் சேர்ந்தன. பின்னரும் சோதனை முறை மாறியது. ஆகவே பழைய காணொளியில் கேட்ட புள்ளியையும் இந்த வருடப் புள்ளியையும் பக்கத்தில் வைத்துக் கழித்துப் பார்ப்பது வீண் வேலை. ஒரே பெயரில் வரும் போனுக்கே இரண்டு புள்ளி உண்டு: சாம்சங் கலக்ஸி எஸ்21 அல்ட்ராவில் எக்ஸினோஸ் சிப் போட்டது 121 வாங்கியது, ஸ்னப்டிராகன் சிப் போட்டது 123 வாங்கியது. நாட்டுக்கு நாடு சிப் மாறும்போது, எந்த நாட்டுக்கு வந்த பெட்டி என்று கேட்காமல் புள்ளியை மட்டும் கேட்டு என்ன பயன்?

நம்பிக்கை: பட்டியல் போடுகிறவர்கள் எல்லோரும் காசு வாங்கிக்கொண்டுதான் போடுகிறார்கள்.

இப்படிச் சொல்லிவிட்டுப் பட்டியலையே தூக்கி எறிகிறவர்களும் இருக்கிறார்கள். இது முழு உண்மை இல்லை. டிஎக்ஸ்ஓமார்க் சோதனைக் கருவிகளையும் மென்பொருளையும் விற்கிறது, போன் கம்பனிகளுக்கு ஆலோசனையும் வழங்குகிறது. தன் வாடிக்கையாளர்களின் பொருளுக்கே புள்ளி போடுகிறது என்ற விமர்சனம் நெடுநாளாக உண்டு, அது கேட்கத் தகுந்த விமர்சனமும்கூட. அதற்காகப் புள்ளி விலைக்கு விற்கப்படுகிறது என்று முடிவு கட்ட ஆதாரம் இல்லை.

என் கவலை வேறு. எந்தெந்தச் சோதனை வரும் என்று கம்பனிக்கு முன்கூட்டியே தெரியும். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்குக் கடந்தகால வினாத்தாள்களை மட்டும் போட்டுப் பிள்ளையைத் தயார் செய்வது போலத்தான் இது. புள்ளி வரும். பாடம் முழுதும் தெரியுமா என்பது வேறு கேள்வி. லஞ்சம் ஒன்றும் இல்லாமலே, போன் வாங்குகிறவரின் தேவையை விட்டு ஒரு பட்டியல் விலகிப் போக இது ஒன்றே போதும்.

நம்பிக்கை: லட்சக்கணக்கானோர் வாக்களித்தால் பிழை வர வழியில்லை.

அமெரிக்க யூடியூபர் மார்க்கஸ் பிரவுன்லி பல முறை நடத்திய சோதனை பிரபலமானது. போனின் பெயரை மறைத்துப் படங்களை மட்டும் காட்டி, எது பிடிக்கிறது என்று கேட்பார். 2018இல் பார்த்தால் விலை கூடிய ஐபோன்கள் முதல் சுற்றிலேயே வெளியேறின. 2022இல் இரண்டு கோடிக்கும் மேல் வாக்குகள் விழுந்தன. முதலாவதாக வந்தது பிக்சல் 6ஏ. அமெரிக்காவில் அதன் விலை 449 டொலர். 999 டொலர் ஐபோன் 14 புரோ அதற்குப் பின்னால்தான் நின்றது.

பெயரை மறைத்தால் நம் கண் விலைக்கு மயங்காது என்பதற்கு இது நல்ல சான்று. இதை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனாலும் அந்த வாக்கு, பார்த்த மாத்திரத்தில் எது பிடித்தது என்பதை மட்டுமே அளக்கிறது. சின்னத் திரையில் இரண்டு படத்தை அடுத்தடுத்துக் காட்டினால் வெளிச்சம் கூடிய படத்துக்கே கை போகும். பிரவுன்லியே அதைக் கவனித்துச் சொல்லியிருக்கிறார். கம்பனிகளுக்கும் அது தெரியும். அதனால்தான் இன்று பல போன்கள் மாலை ஆறு மணியைப் பகல் போல எடுத்துத் தருகின்றன.

நம்பிக்கை: மெகாபிக்சல் கூடினால் படம் தெளிவு.

கடைச் சுவரில் ஒட்டிய விளம்பரத்தில் மிகப் பெரிய எழுத்து இதுதான்: 50, 108, 200. மேலே சொன்ன பிக்சல் 6ஏயின் பிரதான கெமரா வெறும் 12 மெகாபிக்சல். 2015 முதல் 2021 வரை வந்த ஐபோன்கள் அனைத்தினதும் பிரதான கெமராவும் 12 மெகாபிக்சலே. நகத்தளவு சில்லுக்குள் ஒளிப்புள்ளிகளைக் கூட்டக் கூட்ட ஒவ்வொரு ஒளிப்புள்ளியும் சிறுத்து, அது வாங்கும் வெளிச்சமும் குறையும். அந்தக் குறையைச் சரிக்கட்டத்தான் 108 மெகாபிக்சல் கெமராக்கள் பலவும் ஒன்பது ஒளிப்புள்ளிகளை ஒன்றாக்கி 12 மெகாபிக்சல் படமாகத் தருகின்றன. விலை குறைந்த போனின் முதுகில் மூன்று நான்கு கண்ணாடி வரிசையாகத் தெரிந்தாலும், அதில் இரண்டு 2 மெகாபிக்சல் சோடனையாக இருப்பது சாதாரணம்.

நம்பிக்கை: நல்ல கெமரா என்றால் எல்லோர் முகத்துக்கும் நல்ல கெமரா.

இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

பிலிம் காலத்தில் கொடக் கம்பனி நிறம் சரிபார்க்க ஸ்டூடியோக்களுக்கு அனுப்பிய அட்டையில் இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். ‘ஷெர்லி அட்டை’ என்பார்கள். அந்தத் தோல் சரியாக வந்தால் படம் சரி. கறுத்த தோல் மண்ணாகப் போனாலும் யாரும் கேட்கவில்லை. கெமரா டிஜிட்டலுக்கு மாறிய பிறகும் அந்த மனப்பான்மை நீண்ட காலம் போகவில்லை. கூகுள் ‘ரியல் டோன்’ என்ற பெயரில் கறுத்த தோலைச் சரியாக எடுக்கும் வேலையைப் பெரிய விஷயமாக அறிவித்தது 2021இல்தான். அடுத்த ஆண்டு ஹார்வர்ட் சமூகவியலாளர் எல்லிஸ் மங்க் வகுத்த பத்து நிறத் தோல் அளவுகோலையும் வெளியிட்டது.

நம் பக்கத்தில் இது எப்படித் தெரிகிறது? சடங்கு வீட்டில் மஞ்சள் பூசி, மாலை போட்டு, பிள்ளையை மணையில் உட்கார வைக்கிறோம். போனை நீட்டினால் படத்தில் வருவது வேறொரு பிள்ளை. கன்னம் வெளுத்து, மஞ்சள் பூச்சு மங்கி, சாந்துப் பொட்டின் ஓரம் கரைந்து, முகமெல்லாம் மெழுகு பூசியது போல இருக்கும். பல போன்களில் முன் கெமராவின் அழகூட்டல், பெட்டியைப் பிரிக்கும்போதே போடப்பட்டிருக்கிறது. தாத்தாவின் நெற்றித் திருநீற்றையும் வெயிலில் நின்று கொழுந்து எடுத்த பாட்டியின் முகச் சுருக்கத்தையும் அது அழுக்கு என்று எண்ணி நீக்கிவிடும். வெளுத்த முகம்தான் அழகு என்று ஒரு மென்பொருள் நம் பிள்ளைகளுக்கு நாள்தோறும் பாடம் நடத்துகிறது. இதை ஒரு தொழில்நுட்பக் குறை என்று கடந்துபோக என்னால் முடியவில்லை. கெமராவின் அமைப்புக்குள் போய் அதை அணையுங்கள். அணைத்த பிறகும் வெளுப்பாக்கும் போன் என்றால், அது எத்தனையாவது இடத்தில் இருந்தாலும் நமக்கு உதவாது. ஒட்டுமொத்தப் புள்ளியைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

நம்பிக்கை: அங்கே நன்றாக எடுத்தது இங்கேயும் நன்றாக எடுக்கும்.

கந்தப்பளை ஆறாயிரம் அடிக்கு மேலே. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகிற நேரத்தில் பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியாத நாட்கள் உண்டு. வெள்ளைப் பனிமூட்டத்தைக் கண்டால் கெமரா வெளிச்சம் அதிகம் என்று கணக்குப் போட்டுத் தானாகவே குறைத்துக்கொள்ளும். பனி சாம்பல் நிறமாகும், அதற்கு முன் நிற்கிற முகம் இருண்டுபோகும். திரையில் முகத்தைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியை மேலே இழுத்தால் சரியாகிவிடும். இதற்குப் புதுப் போன் தேவையில்லை. குளிரில் இருந்து அடுப்படிக்குள் நுழைந்ததும் கெமராக் கண்ணாடியில் ஆவி படியும். அதைத் துடைக்காமல் எடுத்துவிட்டுக் கெமரா கூடாது என்பவர்களும் உண்டு.

இரவு வேறு கதை. இரவுமுறையில் போன் சில விநாடிகளுக்குப் பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்க்கிறது. இஸ்தோப்பில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறவருக்கு அது சரி. காமன் கூத்தில் தீப்பந்த வெளிச்சத்தில் ஆடுகிற ஆளுக்குச் சரிவராது, கை ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் புகையாகும். வீடியோவில் அந்த வித்தையும் உதவாது. இரவுப்படத்துக்கு அதிகப் புள்ளி வாங்கிய போன் இரவு வீடியோவிலும் கெட்டிதான் என்று கடைக்காரர் சொன்னால், எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

நம்பிக்கை: விளம்பரப் படம் அந்தப் போனில் எடுத்ததுதான்.

2012இல் நோக்கியா, லூமியா 920க்கு ஆடாத வீடியோ என்று காட்டியதைப் போனில் எடுக்கவில்லை என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. வண்டியின் கண்ணாடியில் பெரிய கெமராவோடு நின்றவரின் பிம்பம் விழுந்து காட்டிக்கொடுத்துவிட்டது. 2016இல் ஹுவாவி பி9 பெயரோடு வந்த படம் கெனன் கெமராவில் எடுத்தது. 2023இல் ஒருவர் நிலாப் படத்தை வேண்டுமென்றே மங்கலாக்கிக் கணினித் திரையில் காட்டி சாம்சங் போனால் எடுத்தபோது, திரையில் இல்லாத பள்ளங்களைப் போன் தானே வரைந்து கொடுத்தது.

நம்பிக்கை: விலை கூடிய கெமராவின் தெளிவு வட்ஸ்அப்பில் தெரியும்.

பெரும்பாலும் தெரியாது. வழமையான தரத்தில் அனுப்பினால் படம் சுமார் 2 மெகாபிக்சலுக்குச் சுருங்கிவிடும். கொழும்பில் கடையில் நிற்கிற அண்ணனுக்கும், குவைத்தில் வேலை செய்கிற அம்மாவுக்கும் போய்ச் சேர்வது அதுதான். 2023 ஓகஸ்டில் வந்த எச்டி தெரிவைத் தொட்டு அனுப்புங்கள், அல்லது ஆவணமாக அனுப்புங்கள். இருக்கிற போனிலேயே வித்தியாசம் தெரியும்.

அப்படியானால் பட்டியலை என்ன செய்வது? முற்றாக ஒதுக்க வேண்டாம். உங்கள் விலைப்பிரிவுக்குள் இருக்கும் போன்களை மட்டும் பாருங்கள். ஐந்து புள்ளி வித்தியாசத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள். முப்பது புள்ளி வித்தியாசம் என்றால் அதில் விஷயம் இருக்கும். மொத்தப் புள்ளியை விட்டுவிட்டு வீடியோ, இரவு என்று உங்களுக்கு வேண்டிய உட்புள்ளியைப் பாருங்கள். எண்ணை விட அவர்கள் போடும் மாதிரிப் படங்கள் பெறுமதியானவை. ஜிஎஸ்எம்அரீனா இணையதளத்தில் ஒரே காட்சியைப் பல போன்கள் எடுத்த படங்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

பிறகு கடைக்குப் போங்கள். கறுத்த தோல் உள்ள ஒருவரைக் கதவடியில், வெளிச்சம் பின்னாலிருந்து வரும்படி நிறுத்தி ஒரு படம். கடையின் இருண்ட மூலையில் ஒன்று. நடந்துகொண்டே அரை நிமிட வீடியோ. எடுத்ததை உங்கள் பழைய போனுக்கு அனுப்பி அதிலே பாருங்கள், புதுப் போனின் பளபளப்பான திரை தன் படத்தைத் தானே அழகாக்கிக் காட்டும்.

இதற்குக் கடைக்காரர்களின் ஒத்துழைப்பு வேண்டும். கந்தப்பளையிலும் இராகலையிலும் நுவரெலியாவிலும் போன் விற்கிற அண்ணன்மாரே, கண்ணாடிப் பெட்டிக்குள் வெறும் டம்மியை அடுக்குவதை விட்டுவிட்டு, அதிகம் போகிற ஒவ்வொரு மொடலிலும் சார்ஜ் ஏற்றிய ஒரு போனை வெளியே வையுங்கள். ஒரு மாதச் சம்பளத்தைக் கொண்டுவந்து நீட்டுகிறவர் நாலு படம் எடுத்துப் பார்த்துவிட்டு வாங்கட்டும்.