ரத்தப் பரிசோதனைச் சீட்டில் ஈரல் எண் கூடியிருந்தால்...



ஆடித்தபசு முடிந்த வாரம், சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமம் ஒன்றில் குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். சேமிப்பு வசூலித்து, உள்கடன் பேசி முடித்து, தீர்மான நோட்டில் கையெழுத்தும் போட்டாயிற்று. எழுந்திருக்கிற நேரத்தில் ஓர் உறுப்பினர் மஞ்சப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினார். "மேடம், இதுல ரெண்டு எடத்துல 'எச்'சுன்னு போட்டிருக்காவ. ஈரல் கெட்டுப்போச்சுன்னு அர்த்தமா?"

பக்கத்தில் இருந்தவர் விளையாட்டாகத்தான் கேட்டார்: "ஏட்டி, நீ எப்பம் குடிக்க ஆரம்பிச்ச?" எல்லாரும் சிரித்துவிட்டார்கள். உண்மையைச் சொன்னால் எங்களுக்கும் சிரிப்பு வந்தது. சீட்டைக் கொண்டுவந்தவர் மட்டும் சிரிக்கவில்லை.

அடுத்த இரண்டு கூட்டத்துக்கும் அவர் வரவில்லை. சேமிப்புப் பணத்தை மகளிடம் கொடுத்து அனுப்பினார். வீடு தேடிப் போய்ப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. மாத்திரைதான் ஈரலைக் கெடுக்கிறது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, சர்க்கரை மாத்திரையை நிறுத்தியிருக்கிறார். அதற்குப் பதிலாகக் காலையில் வெறும் வயிற்றில் ஏதோ ஒரு பச்சிலைப் பொடி. சர்க்கரை 300-ஐத் தாண்டியிருந்தது. அன்றைக்கு நாம் சிரித்ததற்குப் பதிலாகத்தான் இந்த மாதப் பாடம். கூட்டத்தில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்கலாம்.

அது என்ன எண்?

சீட்டில் 'எல்.எஃப்.டி.' என்று தலைப்பு இருக்கும். அதற்குக் கீழே எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்று இரண்டு வரி. சில இடங்களில் இதையே ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி. என்று அச்சடிப்பார்கள். இரண்டும் ஒன்றுதான். இவை ஈரலின் உயிரணுக்களுக்கு உள்ளே இருந்து வேலை செய்கிற நொதிகள். இவற்றுக்கு ரத்தத்தில் வேலை இல்லை. கொஞ்சம்போல எப்போதும் இருக்கும், அவ்வளவுதான். பெரும்பாலான பரிசோதனை நிலையங்களில் 40 வரை சரி என்று போடுவார்கள். இடத்துக்கு இடம் சிறிது மாறும். அதைத் தாண்டினால் பக்கத்தில் 'எச்' விழும்.

நெல் மூட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். மூட்டையில் ஓட்டை விழுந்தால் தரையில் நெல் சிந்தும். காலையில் எழுந்து பார்க்கிற நமக்கு, ஏதோ ஒரு மூட்டை கிழிந்திருக்கிறது என்று தெரியும். கிழித்தது எலியா, ஆணியா, சாக்கே இற்றுப்போய்விட்டதா என்று சிந்திய நெல் சொல்லாது. மூட்டையைப் புரட்டிப் பார்த்தால்தான் தெரியும். அந்த 'எச்'சும் இப்படித்தான். அது நோயின் பெயர் இல்லை. குடித்ததற்கு அத்தாட்சியும் இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். மூட்டை முக்கால்வாசி காலியாகிவிட்டால் சிந்துவதற்கு நெல்லே இருக்காது. அதேபோல, பல வருடமாக ஈரல் சுருங்கிப்போன ஒருவருக்கு இந்த இரண்டு எண்ணும் ஏறக்குறைய சரியாகவே இருக்கலாம். அதனால்தான் மருத்துவர் இந்த இரண்டு வரியோடு நிற்காமல் பிலிரூபின், அல்புமின், ரத்தம் உறையும் நேரம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கிறார். ஈரல் எவ்வளவு வேலை செய்கிறது என்று சொல்வது அவைதான்.

எஸ்.ஜி.ஓ.டி. தசையிலும் உண்டு. நாள் முழுக்க மண்வெட்டி பிடித்துவிட்டு மறுநாள் ரத்தம் கொடுத்தால் அது கூடலாம். தைராய்டு குறைவாக இருந்தாலும் கூடும். ஒரு தடவை கொஞ்சம் கூடியிருந்தால் சில வாரம் கழித்துத் திரும்ப எடுத்துப் பார்ப்பது இதற்காகத்தான். அதே சீட்டில் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்று ஒரு வரி இருக்கும். கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலும், வளர்கிற பிள்ளைகளுக்கும் அது கூடுதலாக இருப்பது இயல்பு.

குடிக்காதவர்களுக்கு ஏன் கூடுகிறது?

இப்போது அதிகம் பார்க்கிற காரணம் ஈரலில் கொழுப்பு படிவது. 'ஃபேட்டி லிவர்' என்று ஸ்கேன் சீட்டில் எழுதியிருப்பார்கள். சர்க்கரை நோய், இடுப்புச் சுற்றளவு, ரத்தக் கொழுப்பு மூன்றும் இதோடு கைகோத்து வரும். தறியிலும் பீடித்தட்டு முன்னாலும் உட்கார்ந்தே பொழுது போகிறது. மூன்று வேளையும் சோறோ இட்லி தோசையோதான். இடையில் சர்க்கரை போட்ட டீ, தொட்டுக்கொள்ள மிக்சர். உடம்புக்குச் செலவாகாத மாவுச்சத்தும் இனிப்பும் ஈரலில் கொழுப்பாகத் தங்குகிறது. "நான் மெலிஞ்சுதான இருக்கேன்" என்று சொல்லவும் முடியாது. மெலிந்தவர்களுக்கும் நம் நாட்டில் இது வருகிறது. இந்தியாவில் 2021-ஆம் ஆண்டு, சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கான தேசியத் திட்டத்தோடு இதையும் சேர்த்தார்கள்.

இதற்குப் பெரிய மருந்து எடை குறைப்பதுதான். 70 கிலோ இருக்கிறவர் 5 முதல் 7 கிலோ வரை குறைத்தால் ஈரல் கொழுப்பு நன்றாகக் கரையும். அதற்காகப் பட்டினி கிடக்க வேண்டாம். திடீரென்று மெலிவதும் ஈரலுக்கு ஆகாது. சோற்றைக் குறைத்துக் காய், பயறு, முட்டையைக் கூட்டுங்கள். டீக்குச் சர்க்கரையை விடுங்கள். தினமும் அரை மணி நேரம் வேகமாக நடங்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021-இல் தொடங்கியதிலிருந்து வீடு வந்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிற சகோதரிகள் நம்மைப் போன்ற குழுக்களிலிருந்து போனவர்கள்தான். அவர்களிடம் இந்தச் சீட்டையும் காட்டிக் கேளுங்கள்.

அடுத்தது ஹெபடைடிஸ் பி, சி கிருமிகள். ரத்தம் வழியாகவும், சுத்தம் செய்யாத ஊசி, பிளேடு வழியாகவும், உடலுறவாலும், தாயிடமிருந்து பிறக்கும் பிள்ளைக்கும் பரவும். ஒரே தட்டில் சாப்பிட்டால் பரவாது, தொட்டால் பரவாது. இதைச் சொல்லியும் தனிக் கிளாஸ் வைக்கிற வீடுகளைப் பார்த்திருக்கிறோம். தமிழகத்தில் குழந்தைகளுக்கான ஐந்து நோய்த் தடுப்பூசியில் ஹெபடைடிஸ் பி-யும் சேர்ந்து வருவது 2011 டிசம்பரிலிருந்து. அதற்கு முன் பிறந்த நம்மில் பலர் இந்த ஊசி போட்டிருக்க மாட்டோம். எண் கூடியிருந்தால் இந்த இரண்டு கிருமிக்கும் ஒரு தடவை ரத்தம் பார்த்துவிடுவது நல்லது. 2018-இல் வந்த தேசியத் திட்டத்தின்கீழ் அரசு மருத்துவமனை வழியாகச் சிகிச்சை இலவசம். கர்ப்பிணிக்கு ஹெபடைடிஸ் பி இருந்தால், பிள்ளை பிறந்த 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசி போட்டாக வேண்டும். மருமகளோ மகளோ பிரசவத்துக்குப் போகும்போது இதை நினைவில் வையுங்கள்.

மாத்திரையாலும் கூடும். காசநோய் மாத்திரைகள் சிலருக்கு ஈரலைத் தாக்கும். அந்த மாத்திரை சாப்பிடுகிறவருக்கு வாந்தி, பசியின்மை, சிறுநீர் மஞ்சளாகவோ கருத்தோ போவது என்று இருந்தால் அன்றைக்கே போய்ச் சொல்ல வேண்டும். மருத்துவர்கள் தற்காலிகமாக நிறுத்தி, எண் இறங்கியதும் ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுப்பார்கள். யாரிடமும் சொல்லாமல் வீட்டிலேயே நிறுத்திவிட்டால் காசநோய் முற்றும். காய்ச்சல் மாத்திரை பாரசிட்டமாலும் அளவு மீறினால் விஷம். ஒரு கடை மாத்திரை, இன்னொரு கடை மாத்திரை என்று வாங்கிப் போட்டால் இரண்டிலும் அதே மருந்து இருக்கலாம்.

எலி பசையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பற்பசை போல டியூபில் வருவதில் மஞ்சள் பாஸ்பரஸ் இருக்கும். குழந்தை வாயில் வைத்துவிட்டால் முதல் நாள் ஒன்றும் தெரியாமல் விளையாடிக்கொண்டிருக்கும். இரண்டு மூன்று நாளில் ஈரல் செயலிழக்கும். நன்றாகத்தானே இருக்கிறது என்று காத்திருக்கக் கூடாது. டியூபையும் எடுத்துக்கொண்டு அந்த நிமிடமே கிளம்ப வேண்டும். வீட்டில் யாராவது மனம் வெறுத்துப்போய் எதையாவது சாப்பிட்டிருந்தாலும் இதேதான். பேச்சும் விசாரணையும் அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

கீழாநெல்லி போதாதா?

எந்த ஊருக்குப் போனாலும் இந்தக் கேள்வி வரும். கீழாநெல்லியை நம் ஆட்களே முறையாக ஆராய்ந்திருக்கிறார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜனும், ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற புளும்பெர்க்கும் சேர்ந்து 1988-இல் 'லான்செட்' இதழில் எழுதினார்கள். கிருமியைச் சுமந்திருந்த 37 பேர் கீழாநெல்லி சாப்பிட்டதில் 22 பேருக்கு ரத்தத்தில் அதன் அடையாளம் மறைந்தது. வெறும் மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிறகு வேறு இடங்களில் செய்த சோதனைகளில் அதே பலன் கிடைக்கவில்லை.

அப்படியானால் நம் வீட்டில் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துக் காமாலை போனதே? கெட்ட தண்ணீரால் வருகிற காமாலை பெரும்பாலானவர்களுக்கு ஓய்வெடுத்தாலே சில வாரத்தில் தானாக இறங்கும். பேர் இலைக்குப் போய்விடுகிறது. அதே கெட்ட தண்ணீர்க் காமாலையில் ஹெபடைடிஸ் இ என்று ஒரு வகை உண்டு. கர்ப்பிணிக்கு அது வந்தால் உயிருக்கே ஆபத்து. அதற்கு இலையை நம்பி ஒரு நாளும் கடத்தக் கூடாது. இலையைவிட எங்களுக்குப் பயம் பெயர் தெரியாத பொடிகள்மேல்தான். என்ன கலந்தது என்று கொடுத்தவருக்கே தெரியாது. சீந்தில்கொடி சாப்பிட்டுச் சிலருக்கு ஈரல் பாதித்ததாக மும்பை மருத்துவர்கள் 2021-இல் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. எது எப்படியோ, எதைச் சாப்பிட்டாலும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். "திட்டுவாவ" என்று பயந்து சொல்லாமல் விடுவதால் வருகிற கேடு பெரிது.

வீட்டுக்காரர் சீட்டு

குடியால் ஈரல் கெடும்போது எஸ்.ஜி.ஓ.டி. மற்றதைப்போல இரண்டு மடங்கு இருப்பது வழக்கம். எண் பெரும்பாலும் 300-க்குள்தான் நிற்கும். சில ஆயிரம் என்று வந்தால் குடியோடு வேறு ஏதோ இருக்கிறது என்று பொருள். 'நூத்தம்பதுதான வந்திருக்கு' என்று அவர்கள் தேறுதல் சொல்லிக்கொள்வதை நம்ப வேண்டாம், மூட்டைக் கதைதான். ஆரம்பத்தில் படிந்த கொழுப்பு, குடியை விட்டால் சில வாரங்களிலேயே குறையத் தொடங்கும். பல வருடம் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கமும் வலிப்பும் வரலாம். அதனால் மருத்துவமனையில் வைத்து நிறுத்துவதே பத்திரம்.

கண் மஞ்சளாவது, வயிறு வீங்குவது, ரத்த வாந்தி, கறுப்பு மலம், பேச்சு குழறித் தூங்கித் தூங்கி விழுவது இவற்றில் எது இருந்தாலும் சீட்டுக்காகக் காத்திருக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கர்ப்பிணிக்கு உள்ளங்கை, உள்ளங்கால் அரிப்பு, மேல்வயிற்று வலி, தலைவலியோடு ரத்த அழுத்தம் கூடுவது இருந்தாலும் அப்படித்தான்.

போகும்போது பழைய சீட்டுகள் எல்லாவற்றையும் ஒரே கவரில் போட்டு எடுத்துப் போங்கள். எண் ஏறுகிறதா, இறங்குகிறதா என்று பார்க்க அது வேண்டும். சாப்பிடுகிற மாத்திரை, பொடி, லேகியம் எல்லாம் அதே பையில் இருக்கட்டும்.

நாங்கள் மேலே சொன்ன உறுப்பினரும் அப்படித்தான் கொண்டுபோனார். குழுவில் ஸ்கேனுக்கு உள்கடன் கொடுத்தார்கள். கிண்டல் செய்தவரே கூடப் போனார். கிருமி ஏதும் இல்லை, ஈரலில் கொழுப்பு என்று தெரிந்தது. சர்க்கரை மாத்திரையை மறுபடி ஆரம்பித்தார்கள். அன்றைக்கு 88 இருந்த எஸ்.ஜி.பி.டி. மார்கழியில் 51. நாலு கிலோ குறைந்திருக்கிறார். இன்னும் 'எச்' போட்டுத்தான் வருகிறது. மூன்று மாதம் கழித்து மறுபடி எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். போன கூட்டத்தில் சேமிப்பை அவரே கொண்டுவந்து கட்டினார். சீட்டையும் அவரே எல்லாருக்கும் வாசித்துக் காட்டினார்.