நன்னூல் காட்டும் உடன்பயில்வும் ஆசிரியர் குறுவள மையங்களும் – காரைக்குடி வட்டாரத் தமிழ் கற்பித்தலை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

ஒரே பணியில் ஈடுபட்டோர் கூடிப் பயில்வதால் விளையும் புலமையை நன்னூல் தனியே அளந்து கூறுகிறது. அவ்வளவுகோலைக் கொண்டு இன்றைய குறுவள மையக் கூட்டங்களின் அமைப்பை இக்கட்டுரை ஆராய்கிறது. வட்டாரப் பேச்சுவழக்கின் ழகர ளகர மயக்கம் சான்றாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: நன்னூல், பாடங்கேட்டல், குறுவள மையம், உடன்பயில்வு, எழுத்துப்பிழை.

முன்னுரை

தமிழ்நாட்டின் ஊர்ப்புறத் தொடக்கப் பள்ளிகள் பலவற்றில் இரண்டு ஆசிரியர்களே பணியாற்றுகின்றனர். இருவரும் பல வகுப்புகளை ஒருங்கே நடத்துவதால் ஒருவர் கற்பிப்பதை மற்றவர் காணும் வாய்ப்பு அரிது. பள்ளிகளின் இத்தனிமையை உணர்ந்த கோத்தாரி கல்விக் குழு (1964–66), உயர்நிலைப் பள்ளியைச் சுற்றியுள்ள பள்ளிகளோடு இணைக்கும் பள்ளி வளாக முறையைப் பரிந்துரைத்தது. 2001இல் தொடங்கிய அனைவருக்கும் கல்வி இயக்கத்தின்கீழ் வட்டார வள மையங்களும் குறுவள மையங்களும் பரவலாயின. சிவகங்கை மாவட்டத்தில் காரைக்குடியைச் சூழ்ந்த சாக்கோட்டை வட்டாரமும் இவ்வமைப்பிற்கு உட்பட்டதே.

நன்னூலின் அளவுகோல்

பொதுப்பாயிரத்தில் பாடங்கேட்கும் முறையை வகுக்கும் பவணந்தி முனிவர், புலமையை நான்கு கூறாகப் பகுக்கிறார். ஆசான் உரைத்ததைச் செம்மையாகக் கேட்டுக்கொள்வோனுக்கும் காற்கூறே கிட்டும். உடன்பயில்வோரொடு பழகுவதால் மற்றொரு காற்கூறும், பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைக்கூறும் நிறைவுறும். உடன்பயில்வோரை அவர் ‘அவ்வினையாளர்’ எனச் சுட்டுகிறார். அதே வினையில் ஈடுபட்டோர் என்பது அதன் பொருள். மாணாக்கரை நோக்கிக் கூறப்பட்ட இவ்விதி, வாழ்நாள் முழுதும் கற்க வேண்டிய ஆசிரியர்க்கும் பொருந்தும். ரிச்சர்ட் டுஃபோர், ராபர்ட் ஈக்கர் ஆகியோர் 1998இல் எழுதிய நூலால் பரவலாக அறியப்பட்ட ‘தொழில்முறைக் கற்றல் குழுமம்’ என்னும் கருத்தாக்கமும் இவ்விதியை ஒத்ததே.

கூட்டங்களின் அமைப்பு

பயிற்சி மாநில அளவில் தொடங்கி, மாவட்டம், வட்டாரம் எனப் படிப்படியாக இறங்கி ஆசிரியரை அடைகிறது. கருத்தாளர் உரைக்க, ஆசிரியர் கேட்பது இம்முறையின் இயல்பு. நன்னூல் வழி நோக்கின் இது முதற் காற்கூறு மட்டுமே. 2022இல் தொடங்கப்பட்ட எண்ணும் எழுத்தும் திட்டம் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலைப்படுத்துகிறது. ஒரு குழந்தை ஏன் அரும்பு நிலையிலேயே தங்கிவிடுகிறது என்பதைக் கையேடு முழுமையாகச் சொல்ல இயலாது. குழந்தைகளை நாள்தோறும் காணும் ஆசிரியர்கள் தமக்குள் ஒப்பிட்டே அதனை அறிய வேண்டும்.

ழகர ளகர மயக்கம்

தென்மாவட்டப் பேச்சுவழக்கில் ழகரம் பெரும்பாலும் ளகரமாக ஒலிக்கிறது. ‘பழம்’ பளமாகவும் ‘மழை’ மளையாகவும் வழங்கும் சூழலில் வளரும் குழந்தை, சொல்வதெழுதும்போது கேட்டபடியே எழுதுகிறது. ஆசிரியரும் அவ்வழக்கினராயின் ‘வழி’, ‘வளி’ என்பவற்றை வேறுபடுத்தக் குழந்தைக்கு ஒலித்துணை இல்லை. தனித்து நிற்கும் ஆசிரியர் இதனைக் கவனக்குறைவு எனக் கொள்ளக்கூடும். தண்டனையாகப் பத்து முறை எழுதப் பணிக்கவும் கூடும். ஐந்து பள்ளிகளின் ஏடுகளை அருகருகே வைத்துப் பார்த்தால், அதே பிழை அதே சொற்களில் நிகழ்வது புலனாகும். பிழையின் காரணம் குழந்தையிடம் இல்லை, வட்டார ஒலியியலில் உள்ளது என்பது அப்போது தெளிவாகும். அதன்பின் தீர்வும் மாறும்: நாவின் நிலையைக் காட்டி ஒலிக்கப் பழக்குதல், பொருள் வேறுபாட்டைத் தொடரில் வைத்து உணர்த்துதல் என்பன முதன்மை பெறும்.

எடுத்துரைத்தலின் இடம்

ஜப்பானியப் பள்ளிகளில் ஆசிரியர்கள் கூடிப் பாடம் திட்டமிட, ஒருவர் கற்பிக்க, பிறர் நோக்கிப் பின் உரையாடுவர். நன்னூல் கூறும் பின் இரு பகுதிகளும் இம்முறையில் இணைகின்றன. அறிந்தோர் அவையில் ஒரு நூலை எடுத்துரைக்கும் மரபு காரைக்குடிக்கும் புதிதன்று, சா. கணேசன் 1939இல் தோற்றுவித்த கம்பன் கழகம் அதனை வளர்த்து வந்துள்ளது. அம்மரபு பள்ளி ஆசிரியர் கூட்டத்திற்குள்ளும் இடம்பெறல் வேண்டும்.

முடிவுரை

• குறுவள மையம் உடன்பயில்வுக்கு உரிய களமாயினும், அதன் நடைமுறை கேட்டலை மையமிட்டது.
• கூட்ட நேரத்தின் ஒரு பகுதியை மாணவர் ஏடுகளை ஒப்பிட்டு ஆராய ஒதுக்கலாம்.
• கூட்டந்தோறும் ஓர் ஆசிரியர் தம் வகுப்பில் தோல்வியுற்ற ஒரு பாடத்தை எடுத்துரைக்கலாம். அது மதிப்பீட்டுப் பதிவாகாது என்னும் உறுதி அவர்க்கு வேண்டும். அவ்வுறுதி இல்லாத அவையில் எவரும் தம் குறையைப் பேச முன்வரார்.