சாம்பல் எனாமலில் கறுப்பு ஏன் பிரிகிறது?

கேள்வி: மின் பேனல் பெட்டிகளுக்கான சாம்பல் நிற ஸ்டோவிங் எனாமல் தயாரிக்கும் சிறு யூனிட் எங்களுடையது. ஆல்கைட்-மெலமின் ரெசின். வெள்ளையையும் கார்பன் பிளாக்கையும் ஒன்றாகவே அரைக்கிறோம். ஹெக்மேன் கேஜில் 7 வருகிறது. ஆனாலும் ஸ்ப்ரே அடித்த தகட்டில் ஒரு நிறம், முக்கி எடுத்த தகட்டில் வேறு நிறம். சில வாரம் கழித்து டின்னைத் திறந்தால் மேலே கருமை படர்ந்திருக்கிறது. டிஸ்பர்சிங் அடிடிவை பெயிண்ட் எடையில் அரை சதவீதம் போட்டோம். கடைசியில் இன்னும் கொஞ்சம் ஊற்றியும் பலனில்லை. எவ்வளவு போட வேண்டும்?

பதில்: அளவுக்குப் போகும் முன், பிரிவது எந்த நிறமி என்று பாருங்கள். பெயிண்டை அட்டையில் இழுத்துவிட்டு, அது இறுகத் தொடங்கும்போது ஓர் ஓரத்தை மட்டும் விரலால் தேயுங்கள். தேய்த்த இடம் அதிகம் கறுத்தால், கறுப்புத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டிருந்தன, விரலின் அழுத்தத்தில் பிரிந்தன என்று பொருள். வெளுத்தால், திரண்டது வெள்ளை. உங்கள் விவரத்தைப் படிக்கும்போது கறுப்பின் மீதுதான் எனக்குச் சந்தேகம்.

ஹெக்மேன் 7 என்பது சுமார் 12 மைக்ரான். கார்பன் பிளாக்கின் அடிப்படைத் துகளோ சில பத்து நானோமீட்டர்தான். கேஜ் பெரிய கட்டிகளை மட்டுமே காட்டும். அரைத்த பிறகு துகள்கள் மறுபடி திரள்வதைப் பெரும்பாலும் அது காட்டாது.

இப்போது அளவு. பெயிண்டின் எடையை வைத்துக் கணக்கிடுவதில்தான் கோளாறு. அடிடிவ் ஒட்டிக்கொள்ள வேண்டியது நிறமியின் மேற்பரப்பில். ஒரு முனை துகளைப் பற்றிக்கொள்ளும். வால் ரெசின் கரைசலுக்குள் நீண்டு நின்று அடுத்த துகளை நெருங்க விடாது. எனவே பரப்பு எவ்வளவோ அவ்வளவு அடிடிவ் தேவை. ஒரு கிராம் டைட்டானியம் டை ஆக்சைடின் பரப்பு ஏறக்குறைய 10-15 சதுர மீட்டர். நல்ல கருமை தரும் கார்பன் பிளாக் ஒரு கிராமுக்கு 200 சதுர மீட்டரையும் தாண்டலாம். ஒரு கிரவுண்டு மனை அளவு! வெள்ளைக்கு அதன் எடையில் 1-3 சதவீதம் போதும். கறுப்புக்கு, பாலிமர் வகை அடிடிவ் என்றால், பரப்பு எண்ணை ஐந்தால் வகுத்துத் தொடங்குவது தொழிலில் உள்ள வழக்கம்: 200 என்றால் 40 சதவீதம். இது செயல்படும் பொருளின் கணக்கு. டப்பாவில் 50 சதவீதக் கரைசல் இருந்தால், ஒரு கிலோ கறுப்புக்கு 800 கிராம் ஊற்ற வேண்டும். கேட்கும்போது மலைப்பாக இருக்கும், ஆனால் சாம்பல் பெயிண்டில் கறுப்பே மிகக் குறைவு என்பதால் செலவு தாங்கக்கூடியதே.

ஆகவே கறுப்பைத் தனியாக அரையுங்கள். கொஞ்சம் ரெசின், சால்வென்ட், அடிடிவ் மூன்றையும் முதலில் நன்றாகக் கலந்து, பிறகே கறுப்பை மெல்லத் தூவுங்கள். அதன்பின் பீட் மில். கடைசியில் ஊற்றுவது பெரும்பாலும் வீண். அதற்குள் துகளின் மேல் ரெசின் இடம்பிடித்திருக்கும், திரண்ட கட்டியின் உள்ளேயும் அடிடிவ் எளிதில் புகாது.

20, 30, 40, 50, 60 சதவீதம் என்று ஐந்து சிறு மாதிரிகளை ஒரே நேரம் அரைத்து, ஒரே வெள்ளையில் ஒரே அளவு கலந்து, அதே விரல் சோதனையைச் செய்யுங்கள். கருமை கூடுவது எங்கே நிற்கிறதோ, தேய்த்த இடத்தின் வேறுபாடு எங்கே மறைகிறதோ, அதுதான் உங்கள் அளவு. அதற்கு மேல் போடாதீர்கள். பற்றிக்கொள்ள இடமில்லாத அடிடிவ் படலத்தில் தங்கிப் பூச்சை மென்மையாக்கும். தகட்டோடு பிடிப்பு குறையும், ஈரத்தில் கொப்புளமும் வரலாம். வெள்ளைக்குச் சோதனை இன்னும் எளிது: பிசுபிசுப்பு எங்கே மிகக் குறைகிறதோ அங்கே நிறுத்துங்கள்.

அரைத்த பேஸ்ட்டில் வெறும் சால்வென்ட்டைக் கொட்டுவதையும் விட்டுவிடுங்கள். அந்த அதிர்ச்சியில் நன்றாகப் பிரிந்த கறுப்பும் திரளும். முதலில் ரெசினைக் கிளறியபடியே சிறிது சிறிதாகச் சேர்த்துவிட்டு, பிறகு நீர்க்கச் செய்யுங்கள்.

இரண்டு நிறமிகளையும் வேண்டுமென்றே இணைத்துத் திரளவைக்கும் அடிடிவ்களும் உண்டு. நிறப் பிரிவை அவை அடக்கும், பளபளப்பைக் குறைக்கும். பிரைமருக்குச் சரி, பேனல் எனாமலுக்கு நான் சொல்லமாட்டேன்.

கடைசியாக ஒன்று. கறுப்புக்கான பாலிமர் அடிடிவ்கள் பலவற்றில் பற்றும் முனை அமீன். உங்கள் மெலமினுக்கு அமில வினையூக்கி சேர்ப்பதாக இருந்தால், அமீன் அதில் ஒரு பங்கைச் செயலிழக்கச் செய்து, பேக்கிங்கைப் பாதிக்கும். புதிய அளவில் செய்த தகட்டை வழக்கமான வெப்பத்தில், வழக்கமான நேரம் வைத்து, பென்சில் கடினத்தன்மையையும் சால்வென்ட் தேய்ப்பையும் பழைய தகட்டோடு ஒப்பிட்ட பிறகே பெரிய பேட்ச் போடுங்கள்.