தாத்தாவின் தேநீர் ஏன் சிந்துகிறது?

மாணவர்களே, ஒரு ஏ4 தாளை எடுத்துக்கொள்ளுங்கள். வலது கையை முன்னால் நீட்டி, விரல்களை விரித்து, உள்ளங்கை தரையைப் பார்க்கும்படி வையுங்கள். புறங்கையின் மேல் அந்தத் தாளைப் பரப்பிவிட்டு, அதன் ஓரத்தை மட்டும் கவனியுங்கள். தாள் மெல்ல அதிர்கிறதல்லவா? அதிர்வை நிறுத்தலாம் என்று கையை இறுக்கிப் பாருங்கள். இன்னும் அதிகமாகும்.

நடுங்காத கை என்று ஒன்று இல்லை. மூளையிலிருந்து தசைக்கு வரும் கட்டளை குழாய்த் தண்ணீர் போல் சீராக வருவதில்லை. விட்டுவிட்டுத் துடிப்புகளாக வருகிறது. ஆரோக்கியமான கையே விநாடிக்கு ஏறத்தாழ 8 முதல் 12 முறை நடுங்குகிறது. அந்த அசைவு மிகச் சிறியது என்பதால்தான் நம் கண்ணில் படுவதில்லை. பயம், களைப்பு, இரண்டு குவளை கெட்டிக் கோப்பி, இவற்றில் ஏதாவது ஒன்று சேர்ந்தால் அதே நடுக்கம் வெளியே தெரிய ஆரம்பிக்கும். பள்ளிச் சபைகூடலில் ஒலிவாங்கியைப் பிடித்துப் பேசியவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

சிலருக்கு வயதாக ஆக இந்த நடுக்கம் வேறு வகையாக மாறுகிறது. என் தாத்தாவுக்கு அப்படித்தான் மாறியது.

அவர் 30 ஆண்டுகளுக்கு மேல் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். விடிவதற்கு முன்பே, தலையில் கட்டிய விளக்கு வெளிச்சத்தில், மரத்துக்குக் காயம் படாமல் பட்டையை மட்டும் மெல்லிசாகச் சீவ வேண்டிய வேலை அது. உளி கொஞ்சம் ஆழமாக இறங்கினாலும் கங்காணியிடம் திட்டு கிடைக்கும். அப்படிப்பட்ட கையில், 68 வயதில், தேநீர்க் குவளை ஆடத் தொடங்கியது. வீட்டில் எல்லாரும் ‘நரம்புத் தளர்ச்சி’ என்றார்கள். யாரோ லேகியம் வாங்கி வந்தார்கள். அது எதற்கான லேகியம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அப்போது நான் படிவம் இரண்டில் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு திருமண விருந்தில் தாத்தா ரசக் கிண்ணத்தை எடுத்தபோது அது தளும்பியது. நான் சட்டென்று அதைப் பிடுங்கி, ‘நான் ஊட்டி விடுறேன் தாத்தா’ என்று சத்தமாகச் சொன்னேன். பந்தியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு ஏறக்குறைய ஓராண்டு அவர் எந்த விருந்துக்கும் வரவில்லை. முழங்கால் வலி என்றே சொல்லிவந்தார்.

எப்போது நடுங்குகிறது?

மர்மத்தை அவிழ்த்தவர் என் அக்காள். அவர் ஒரு வாரம் தாத்தாவைக் கவனித்துக் குறிப்பெழுதினார். தொலைக்காட்சி பார்க்கும்போது மடியில் கிடக்கும் கைகள் ஆடவில்லை. குவளையை எடுக்கும்போது ஆடின. வாயருகே வரும்போது மிக அதிகமாக ஆடின. இரண்டு கைகளிலும் அப்படித்தான். தாத்தாவின் அண்ணனுக்கும் அதே நடுக்கம் இருந்திருக்கிறது.

மருத்துவருக்கு வேண்டிய தகவல் இதுதான். ஓய்வாக இருக்கும் கை நடுங்குகிறதா, வேலை செய்யும் கை நடுங்குகிறதா என்பதே முதல் கேள்வி. லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817ஆம் ஆண்டில் விவரித்த நோயில், சும்மா இருக்கும் கைதான் பெரும்பாலும் நடுங்கும். வேலை செய்யத் தொடங்கினால் குறையும். வழக்கமாக ஒரு பக்கத்தில் ஆரம்பிக்கும். நடை மெதுவாகும், உடல் விறைக்கும், கையெழுத்து எறும்பு போல் சிறுத்துவிடும். மூளையின் ஒரு பகுதியில் டோபமின் சுரக்கும் செல்கள் அழிவதே அதற்குக் காரணம்.

தாத்தாவுக்கு இருந்தது அதுவன்று. மருத்துவர் ஒரு தாளைக் கொடுத்து, கையை மேசையில் ஊன்றாமல் நத்தை ஓடு போல ஒரு சுருள் வரையச் சொன்னார். கோடு முழுக்கப் பற்கள் முளைத்த மாதிரி வந்தது. ‘எசென்ஷியல் ட்ரெமர்’ என்றார். இதை ‘இன்றியமையாத நடுக்கம்’ என்று மொழிபெயர்த்தால் சிரிப்புத்தான் வரும். வேறொரு நோயின் விளைவாக வராமல் தானாகவே வரும் நடுக்கம் என்பதே மருத்துவத்தில் அதன் பொருள். அசைவுகளைச் சீர்செய்யும் சிறுமூளையும் அதனுடன் இணைந்த நரம்புப் பாதைகளும் தாளம் தப்புவதால் இது வருகிறது. பல குடும்பங்களில் பரம்பரையாகத் தொடர்கிறது.

கவனித்து எழுதுவது உங்கள் வேலை. நோயை முடிவு செய்வது மருத்துவரின் வேலை. குறிப்போடு, அவருடைய சம்மதம் கேட்டு, குவளை தூக்கும்போது ஒரு சிறு காணொளியும் எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் முன்னால் கை சில சமயம் சமர்த்தாக இருந்துவிடும்.

இயற்பியல் உதவிக்கு வருகிறது

நடுக்கத்தை முழுதாக நிறுத்த முடியாவிட்டாலும் அதன் விளைவைக் குறைக்கலாம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். முழங்கை அந்தரத்தில் இருக்க, கை 2 பாகை ஆடுகிறது என்று வைத்துக்கொள்வோம். முழங்கையிலிருந்து கரண்டி முனை வரை 40 சென்டிமீட்டர் என்றால், முனை ஏறக்குறைய 1.4 சென்டிமீட்டர் அசையும். முன்கையை மேசையில் ஊன்றிவிட்டால் மணிக்கட்டு மட்டும்தான் ஆடும். அங்கிருந்து முனைக்கு 15 சென்டிமீட்டர். அசைவு அரை சென்டிமீட்டர்தான். கை அதே கை, நெம்புகோல்தான் குட்டையாகிவிட்டது. தாத்தாவுக்கு உயரமான மேசை ஒன்று கிடைத்ததும் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. கரண்டியைவிடக் கையால் சாப்பிடுவது அவருக்கு எளிதாக இருந்ததற்கும் இதே காரணம் என்பது என் ஊகம்.

அடுத்தது எடை. படிவம் 4 இயற்பியலில் ‘இனெர்சியா’ என்று படிப்பீர்களே, அந்த நிலைமம்தான். அதே விசை கனமான பொருளைக் குறைவாகவே முடுக்கும். அதனால் பிளாஸ்டிக் குவளையைவிடக் கனமான பீங்கான் குவளை சிலருக்குக் குறைவாக ஆடும். சிலருக்கோ கனம் கையைக் களைக்க வைத்து நடுக்கத்தைக் கூட்டிவிடும். ஆகவே விலை கொடுத்துக் கனமான கரண்டி வாங்குமுன் வீட்டில் உள்ளதை வைத்துச் சோதித்துப் பாருங்கள்.

தேநீருக்கும் ஒரு சொந்தத் தாளம் உண்டு. சாதாரணக் குவளையில் உள்ள திரவத்தைத் தட்டிவிட்டால் அது விநாடிக்குச் சுமார் 3 முதல் 4 முறை ஊஞ்சலாடும். கை நடுக்கத்தின் வேகம் அதற்கு நெருங்கி வரும்போது, சரியான நேரத்தில் ஊஞ்சலைத் தள்ளியது போல அலை பெரிதாகிறது. ஒத்ததிர்வு என்று படித்திருப்பீர்கள். விளிம்புவரை ஊற்றாமல் பாதி ஊற்றுங்கள். மூடியும் உறிஞ்சுகுழலும் இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் கொதிக்கும் பானத்தைக் குழலால் உறிஞ்சக் கூடாது, வாய் வெந்துவிடும்.

தட்டுக்கு அடியில் ஈரத்துணி விரித்தால் தட்டு நகராது. விளிம்பு உயர்ந்த தட்டில் சோற்றை ஒதுக்கி அள்ளலாம். வாழையிலையில் அந்த வசதி இல்லை. கைப்பேசி அமைப்புகளில், திரையைத் தவறுதலாகத் தட்டும் தொடுதல்களைப் புறக்கணிக்கும் வசதி பெரும்பாலான கருவிகளில் உண்டு. அதைத் தேடி அமைத்துக் கொடுப்பது உங்களுக்கு ஐந்து நிமிட வேலை.

பார்வை என்னும் சுமை

எல்லாரும் பார்க்கிறார்கள் என்ற எண்ணம் வந்ததும் உடலில் அட்ரினலின் சுரக்கிறது. தசைகளில் உள்ள ‘பீட்டா’ ஏற்பிகளை அது தூண்ட, நடுக்கம் கூடுகிறது. நடுக்கம் கூடினால் கூச்சமும் கூடும். பந்தியில் நான் போட்ட சத்தம் தாத்தாவின் கையை உண்மையிலேயே இன்னும் நடுங்க வைத்திருக்கும் என்பது எனக்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் புரிந்தது.

தாத்தாவுக்குக் கிடைத்த மருந்தும் இதே ஏற்பிகளைத்தான் மறித்தது. அதன் பெயர் புரொப்பிரனலால். இதை உருவாக்கிய ஜேம்ஸ் பிளேக் 1988இல் நோபெல் பரிசு பெற்றார். மருந்தை எழுதுமுன் மருத்துவர் கேட்ட கேள்வி, ‘ஆஸ்துமா இருக்கிறதா?’ நுரையீரலின் காற்றுக்குழாய்களிலும் பீட்டா ஏற்பிகள் உண்டு. அவற்றை மறித்தால் குழாய்கள் சுருங்கிவிடும். ஆஸ்துமா நண்பருக்கு சல்பியூட்டமால் இழுத்த பிறகு கை நடுங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த மருந்து அதே வகை ஏற்பிகளைத் தூண்டுகிறது. அதனால்தான் ஒருவருடைய மாத்திரையை இன்னொருவர் விழுங்கக் கூடாது. மருந்துக்குக் கட்டுப்படாத கடுமையான நடுக்கத்துக்கு, 1987இல் பிரான்சின் கிரெனோபில் நகரில் பெனாபிட் குழுவினர் தொடங்கிய முறைப்படி, மூளைக்குள் மின்முனை பொருத்தும் சிகிச்சையும் உண்டு. அது எல்லாருக்கும் தேவைப்படுவதில்லை.

இரண்டு சூழ்நிலைகளில் மட்டும் குறிப்பேட்டைத் தேடாதீர்கள். நீரிழிவு உள்ளவர் திடீரென நடுங்கி, வியர்த்து, குழம்பிப் பேசினால் இரத்தத்தில் சர்க்கரை குறைந்திருக்கலாம். அவர் விழிப்போடு விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் ஒரு மேசைக்கரண்டி சீனியை நீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் மீண்டும் கொடுத்துவிட்டு உதவியை அழையுங்கள். முகம் ஒரு பக்கம் கோணி, பேச்சுக் குழறி, ஒரு கை வலுவிழந்தால் அது பக்கவாதமாக இருக்கலாம், உடனே 999.

தாத்தாவின் நடுக்கம் மருந்தால் குறைந்தது, மறையவில்லை. மாமாக் கடையில் நான் அவரைச் சுவரோரமாக, மேசையில் முழங்கை ஊன்ற வசதியான நாற்காலியில் உட்கார வைப்பேன். அவர் என்னைப் பார்க்காமலே பணியாளரிடம் சொல்வார்: ‘தம்பி, ஒரு தே தாரிக். பிடி வெச்ச மக்குல, பாதி போதும்.’ மீதிப் பாதி இரண்டாவது குவளையாக வரும். காசு ஒன்றுதான்.