இராமநாதனை முழுதாகப் படி

ஆனையிறவு

அன்பு மகளுக்கு,

பிரதேச சபைக்கு நீ தெரிவான நாளிலிருந்து எங்கள் வீட்டில் வேறு கதையே இல்லை. முன்னறையில் சேர் பொன்னம்பலம் இராமநாதனின் படத்தை மாட்டப் போகிறாயாம், அம்மா சொன்னா. மாட்டு பிள்ளை. அதற்கு முன் அவரை முழுதாகப் படி.

1879 இல் மாமன் முத்துக்குமாரசுவாமி காலமாக, 28 வயதில் சட்டநிரூபண சபையில் அவருடைய இடத்துக்கு வந்தவர் இராமநாதன். வாக்குக் கேட்டு வரவில்லை, தேசாதிபதி நியமித்தார். அந்தச் சபையில் அரச அதிகாரிகளே பெரும்பான்மை, தமிழருக்கு ஒரே ஆசனம். கையுயர்த்தி எதையும் வெல்ல முடியாத அந்த இடத்தில் அவர் பதின்மூன்று ஆண்டுகள் இருந்தார். அவருக்குப் பலம் சட்ட அறிவு. நீயும் சிறுபான்மைப் பக்கத்தில்தான் இருக்கப் போகிறாய். வரவு செலவுத் திட்டத்தை வரிவரியாய்ப் படிக்காமல் கூட்டத்துக்குப் போகாதே.

1915 கலவரத்தின்பின் இராணுவச் சட்டம் வந்தது. சிங்களத் தலைவர்கள் பலர் சிறையில். போர்க்காலக் கடலில் நீர்மூழ்கிகளுக்குப் பயப்படாமல் இங்கிலாந்து போய் அவர்களுக்காக வாதாடினார். திரும்பி வந்தபோது அவருடைய வண்டியைச் சிங்களவர்களே இழுத்துச் சென்றார்கள். இதை எல்லா மேடையிலும் சொல்வார்கள். அந்தக் கலவரத்தில் அடிபட்டவர்கள் முஸ்லிம்கள் என்பதைச் சொல்பவர்கள் குறைவு. 1888 இலேயே, சோனகர் எனப்படும் இந்நாட்டு முஸ்லிம்கள் இனத்தால் தமிழரே என்று எழுதி அவர்களை நோகச் செய்திருந்தார். ஒரு சமூகம் தன்னை யாரென்று சொல்கிறதோ, அதைக் கேட்டுவிட்டுத்தான் அதைப்பற்றிப் பேச வேண்டும். உன் தொகுதியில் எல்லாரும் உன் ஆட்கள் இல்லை, மகள்.

எனக்கு அதிகம் வலிப்பது வேறொன்று. 1913 இல் மருதனார்மடத்தில் பெண்பிள்ளைகளுக்கென்று கல்லூரி கட்டிய அதே மனிதர், அரசியல் சீர்திருத்தம் பற்றி ஆராய டொனமூர் ஆணைக்குழு வந்தபோது சர்வசன வாக்குரிமையை எதிர்த்தார். அப்போது நாட்டில் வாக்குரிமை இருந்தது நூற்றுக்கு நான்கு பேருக்குத்தான். பெண்களுக்கும் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கும் வாக்கு வேண்டாம் என்றார். 1930 இல் அவர் கண்மூடினார். அடுத்த ஆண்டே 21 வயதானவர்களுக்கு, ஆண் பெண் என்றில்லாமல், வாக்குரிமை வந்தது. அவர் சொன்னபடி நடந்திருந்தால் நீ வேட்பாளராவது எங்கே, வாக்குச்சாவடி வாசலுக்கே போயிருக்க மாட்டாய்.

அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. தேசாதிபதிக்கு முன் நிமிர்ந்து நின்றவருக்குத் தன் வீட்டு வாசலுக்கு வெளியே நின்றவர்களைத் தெரியாமல் போயிற்று. இவ்வளவு படித்தவருக்கே அப்படி என்றால், நாங்கள் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்!

உப்பளத்தில் நாட்கூலிக்கு உப்பு வாரும் பெண்கள் பகலில் உன் கூட்டத்துக்கு வர மாட்டார்கள். வந்தால் அன்றைய கூலி போய்விடும். நீ பின்னேரம் அவர்களிடம் போ. குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிப்பிடம் இருக்கிறதா என்று கேட்டு எழுதிக்கொள். எழுதியதை அவர்களுக்கே வாசித்துக் காட்டு. பிழையென்றால் திருத்துவார்கள். அதன்பிறகு சபையில் எழும்பிக் கதை.

அடுத்த கூட்ட நிகழ்ச்சி நிரல் கிடைத்ததும் ஒரு பிரதி எனக்கும் அனுப்பு. குடிநீர் ஒதுக்கீட்டை இருவருமாக இருந்து பார்ப்போம்.

அன்புடன்,
பெரியப்பா