எல்லாரும் நடுகிறார்கள் என்று நாமும் நடுவதா?

ஒரு போகத்தில் வெங்காயத்துக்கு நல்ல விலை கிடைத்துவிட்டால், அடுத்த போகத்தில் ஊர் முழுவதும் வெங்காயம். அதில் நட்டம் வந்தால் ஊர் முழுவதும் மிளகாய். ‘ஊரோடு ஒத்தோடு’ என்பது பழமொழி. குளம் திருத்தவும் வாய்க்கால் வெட்டவும் அது மிகப் பொருந்தும். தோட்டத்துக்கும் பொருந்துமா என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம்.

விலை எதைச் சொல்கிறது?

சின்ன வெங்காயம் ஏறக்குறைய இரண்டு, இரண்டரை மாதப் பயிர். ஒரே கிழமையில் நட்டவர்கள் ஒரே கிழமையில் கிண்டுவார்கள். சந்தை நிரம்பும், விலை விழும். கடன் கொடுத்தவர் வாசலில் நிற்கையில், வெங்காயத்தைப் பிடி கட்டித் தூக்கிவைத்துக் காத்திருக்க நம்மால் முடியாது. சென்ற போகத்தில் விலை ஏறியது, பலர் அதை நடாமல் விட்டதாலேயே இருக்கலாம். அந்த விலையைப் பார்த்து எல்லோரும் நட்டால், அதே விலை எப்படிக் கிடைக்கும்?

கடந்த காலம் தரும் பாடம்

1970 முதல் 1977 வரை இருந்த அரசாங்கம் மிளகாய், வெங்காயம் முதலியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. யாழ்ப்பாணத்துத் தோட்டங்களும் வன்னிக் குடியேற்றங்களும் செழித்தன. 1977இன் பின்னர் இறக்குமதி திறந்துவிடப்பட்டதும் விலை சரிந்தது. மண்ணும் உழைப்பும் அப்படியே இருந்தன. மாறியது கொழும்பில் எடுக்கப்பட்ட தீர்மானம். நெல், குரக்கன், மாடு, பனை என்று வேறு ஆதாரமும் வைத்திருந்தவருக்கு ஒரு வழி அடைபட்டாலும் மறு வழி இருந்தது. கடன்பட்டு ஒன்றையே நம்பியவருக்கு அது இல்லை. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டபோதும் இதையே கண்டோம்.

நம் நிலையை அறிவோம்

1990இல் வலிகாமம் வடக்கின் செம்மண்ணை விட்டு இடம்பெயர்ந்தவர்கள் அந்த மண்ணின் அறிவைக் கையோடு கொண்டு வந்தார்கள். ஆனால் காலடியில் இருந்தது வேறு மண். புதிய மண்ணின் குணத்தை அயலவரிடம் கேட்டுக் கற்பது அறிவுடைமை. அவர் நடுவதையெல்லாம் நடுவது வேறு காரியம். அவருக்குச் சொந்தக் கிணறு உண்டு, ஒரு நட்டத்தைத் தாங்கும் பலமும் உண்டு. நமக்கோ காணி குத்தகை, தண்ணீர் இரவல். அவருக்கு ஒரு போகம் பிழைத்தால் ஒரு போகந்தான் போகும். நமக்கு அடகு வைத்த தாலிக்கொடியும் போகும். விரலுக்கேற்ற வீக்கமே நன்று.

செய்யக்கூடியவை

1. முதலில் வீட்டுச் சாப்பாட்டுக்கான பயிருக்கு இடம் ஒதுக்குவோம். குரக்கன் குறைந்த நீரில் விளையும், நெடுநாள் கெடாது.
2. புதிய பயிரானால் முதற் போகத்தில் ஒரு பரப்பில் மட்டும் செய்து பார்ப்போம்.
3. விதை, பசளை, இறைப்புக் கூலி, குத்தகை ஆகியவற்றைக் கொப்பியில் எழுதி, விலை பாதியானால் என்ன மிஞ்சும் என்று கணக்கிடுவோம்.
4. அயலவருடன் பேசி, நடும் கிழமைகளை மாற்றி வைத்துக்கொள்வோம். ஊரோடு ஒத்தோட இதுவே நல்ல வழி.

கலந்துரையாடுக

• சென்ற போகத்தில் நாம் நட்ட பயிரை யார் தெரிவுசெய்தார்? நாமா, சந்தைப் பேச்சா?
• நம் பழைய ஊரில் கற்றவற்றுள் இந்த மண்ணிலும் பயன்படுவது எது?
• இம்முறை விலை விழுந்தால், நம் அடுப்பு எதனால் எரியும்?